கற்றல், பாட்டு, கைவேலை: யூதச் சமூகத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை எப்படி உருவாகிறது?

கேள்வி இதுதான்: பிரிட்டன் போன்ற நாடுகளில் யூதச் சமூகத்தார் ஆண்டுக்கொரு ஞாயிற்றுக்கிழமை கூடி, காலை முதல் மாலை வரை மறைநூல் வாசிப்பு, பாட்டு, கைவேலை என்று கழிக்கிறார்கள். அது மதவகுப்பா, கலைவிழாவா? எப்படித் திட்டமிடுகிறார்கள்? எங்கே சறுக்கும்?

இந்த வகை நாளுக்குப் பரவலாக வழங்கும் பெயர் லிம்மூத். எபிரேயத்தில் ‘கற்றல்’ என்று பொருள். ல, ம, த என்ற மூன்று மெய்கள் சேர்ந்த வேர் அது. கற்பவர் ‘லோமேத்’, கற்பிப்பவர் ‘மெலாமேத்’, மாணவர் ‘தல்மீத்’, சமயச் சட்ட விவாதங்களைத் தொகுத்த பெருநூல் ‘தல்மூத்’ என எல்லாம் அதே வேரில் கிளைத்தவை. நம்முடைய ‘கல்’ கற்றலாகவும் கற்பித்தலாகவும் விரிகிறதே, அதே மாதிரி. காலையில் ஓர் அறையில் பாடம் நடத்தியவர், அடுத்த மணி நேரத்தில் இன்னோர் அறையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாடம் கேட்பார். ஆகவே இது மதவகுப்பும் இல்லை, மேடை விழாவும் இல்லை. வந்தவர்கள் கையில் ஒரு தாளோ நூலோ மாவோ இருக்க வேண்டும்; பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு சேர்ந்து அதில் வேலை செய்ய வேண்டும். நாள் உருப்படியாக அமைகிறதா என்பதை முடிவு செய்வது இதுதான். வந்திருக்கும் பேச்சாளர் எவ்வளவு பெரியவர் என்பது இரண்டாம் பட்சம்.

லிம்மூத் 1980-ல் பிரிட்டனில் தொடங்கியது. யூதக் கல்வியில் ஈடுபட்டவர்கள் நூறு பேர்கூட இல்லை. டிசம்பர் கடைசியில், நாடே கிறிஸ்துமஸ் விடுமுறையில் இருந்த வாரத்தில் கூடினார்கள். பிற்காலத்தில் அந்த டிசம்பர் மாநாட்டுக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் வந்திருக்கிறார்கள். இன்று 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் அதே பெயரில் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். பல நாள் மாநாடு நடத்த முடியாத ஊர்கள் அதையே ஒரு நாளாகச் சுருக்கிக்கொள்கின்றன. நீங்கள் கேட்பது அந்த ஒரு நாள் வடிவத்தைப் பற்றித்தான்.

பெயர் லிம்மூத் என்றாலும் யோசனை புதிதல்ல. பாபிலோனியாவின் சூரா, பும்பெதித்தா கல்விக்கூடங்களில் ஆதார், எலூல் ஆகிய இரண்டு எபிரேய மாதங்களில், வேறு தொழில் செய்தவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து தங்கிப் படித்தார்கள். இருபதாம் நூற்றாண்டில், 1920-ல், ஃப்ரான்ஸ் ரோசன்ஸ்வைக் ஃப்ராங்க்ஃபர்ட்டில் சுதந்திரமான யூதக் கல்விக்கூடம் ஒன்றை ஏற்படுத்தினார். மரபிலிருந்து விலகிப்போன மருத்துவரும் வேதியியலாளரும் தங்கள் வாழ்க்கையிலிருந்து தொடங்கி மறைநூலை நோக்கித் திரும்பி வரட்டும் என்பது அவர் எண்ணம். முழுக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்வது என்ற ஏற்பாட்டை அவர் வேண்டுமென்றே தளர்த்தினார். லிம்மூத்தின் உள்ளே ஓடுவதும் அந்த நோக்கம்தான்.

லிம்மூத் கடைப்பிடிக்கும் சில வழக்கங்களை ஆரம்பத்திலேயே பேசி முடிவு செய்துவிட வேண்டும். பெயர் அட்டையில் பெயர் மட்டும் இருக்கும். ரபி (யூத மதகுரு), பேராசிரியர், டாக்டர் என்ற பட்டம் எதுவும் வராது. பாடம் நடத்துபவர்களுக்குச் சம்பளம் கிடையாது. எந்த மதப் பிரிவையும் எந்த அரசியல் நிலைப்பாட்டையும் அமைப்பு ஏற்பதும் இல்லை, மறுப்பதும் இல்லை. கேட்க எளிதாக இருக்கிறது, நடைமுறையில் கடினம். மரபை இறுக்கமாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் பிரிவின் ரபிகள் பலர், சீர்திருத்தப் பிரிவு ரபிகளோடு ஒரே நிகழ்ச்சி நிரலில் பெயர் வருவதை நீண்ட காலம் தவிர்த்தார்கள். பிரிட்டனின் தலைமை ரபி எஃப்ராயிம் மிர்விஸ் 2013-ல் லிம்மூத்துக்கு வந்தபோது, பதவியில் இருக்கும் தலைமை ரபி ஒருவர் வருவது அதுவே முதல் முறை. அதற்குக் கடும் எதிர்ப்பும் இருந்தது. உங்கள் ஊரில் யார் யாரோடு ஒரே தாளில் பெயர் போட்டுக்கொள்வார்கள் என்பதை ஆறு மாதம் முன்பே நேரில் போய்க் கேளுங்கள். அச்சடித்த பிறகு ஒருவர் விலகினால், அவருடைய அமர்வு மட்டும் போகாது, அவரை நம்பிப் பதிவு செய்த குடும்பங்களும் போய்விடும்.

அடுத்தது தேதி. ஞாயிறு என்பதில் சந்தேகம் இல்லை, சனிக்கிழமை ஷபாத், அதாவது ஓய்வுநாள். அன்று மைக் பிடிக்க முடியாது, எழுத முடியாது, வண்டி ஓட்டி வர முடியாது. எந்த ஞாயிறு என்பதில்தான் தவறுகிறார்கள். பாட்டு உள்ள நாள் என்றால் இரண்டு காலங்களை முதலில் அடித்துவிட வேண்டும். பஸ்காவுக்கும் ஷவூவோத் என்ற வாரங்களின் பண்டிகைக்கும் இடையே எண்ணப்படும் ஓமேர் நாட்களில் நேரடி இசை கேட்காத வழக்கம் பலருக்கு உண்டு. நடுவில் வரும் லாக் பாஓமேர் அன்று மட்டும் தளர்வு. ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் எபிரேய நாட்காட்டியின் தம்மூஸ் 17 முதல் ஆவ் 9 வரையிலான மூன்று வாரங்கள் எருசலேம் கோவில் இடிந்த துக்க காலம். அப்போதும் இசை இல்லை. செப்டம்பர், அக்டோபரில் யூதப் புத்தாண்டு முதல் கூடாரப் பண்டிகை வரை யாருக்கும் நேரமிருக்காது. தொடர்ச்சியாக மிஞ்சும் நீண்ட காலம் நவம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை.

குளிர்காலத்தில் இன்னொரு வசதியும் உண்டு. லண்டனில் டிசம்பரில் ஷபாத் மாலை 5 மணிக்கு முன்பே முடிந்துவிடும்; சனி இரவே மேசை போட்டு ஒலி அமைப்பைச் சோதிக்கலாம். ஜூனில் இரவு 10 மணி தாண்டித்தான் முடியும். அதன் பிறகு நாற்காலி தூக்கிய தன்னார்வலர் மறுநாள் காலை 8 மணிக்குச் சிரித்த முகத்தோடு வாசலில் நிற்க மாட்டார். இதன் மறுபக்கம், டிசம்பர் வெள்ளிக்கிழமை ஷபாத் பிற்பகல் 3.40 வாக்கிலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே எல்லாத் தாளும் வியாழன் மாலைக்குள் அச்சாகிக் கட்டப்பட்டிருக்க வேண்டும். ‘வெள்ளி மதியம் அனுப்புகிறேன்’ என்று சொல்லும் பேச்சாளரின் தாள் ஞாயிறு காலை வரை யார் கைக்கும் வராது.

200 பேர் வருவதாக வைத்துக்கொள்வோம். ஆறு அறைகள், ஐந்து வேளைகள், மொத்தம் 30 அமர்வுகள். ஒவ்வொன்றும் 60 நிமிடம், இடையில் 15 நிமிடம். இந்த 15-ஐ 5 ஆக்கி இன்னோர் அமர்வைப் புகுத்தும் ஆசை எல்லாக் குழுவுக்கும் வரும், இடம் கொடுக்காதீர்கள். வாதம் நடந்த அறையிலிருந்து வெளியே வருபவர்கள் தாழ்வாரத்தில் நின்று அதைத் தொடர்வார்கள். கற்றலில் பாதி அங்கேதான் நடக்கிறது. இடைவெளியைக் குறைத்தால் எல்லா அமர்வும் பத்து நிமிடம் தாமதமாகும், மூன்றாவது வேளைக்குள் அட்டவணையே குலைந்துவிடும்.

30 அமர்வுகளுக்கு 30 ரபிகள் தேவையில்லை, வேண்டவும் வேண்டாம். உள்ளூர்ப் பல்மருத்துவர், ஓய்வுபெற்ற கணக்காளர், கல்லூரி மாணவி என்று யாருக்கெல்லாம் ஒரு விஷயத்தில் உண்மையான பிடிப்பு இருக்கிறதோ அவர்களைக் கேளுங்கள். தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான உதாரணம் சொல்கிறேன். சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த பொருட்களில் மயிலும் இருந்ததாக 1 இராஜாக்கள் 10:22 சொல்கிறது. அங்கே வரும் ‘துக்கி’ என்ற எபிரேயச் சொல் நம் ‘தோகை’யிலிருந்து போனது என்று மொழியியலாளர்கள் பலர் கருதுகிறார்கள். இன்றைய எபிரேயத்தில் அதே சொல் கிளியைக் குறிக்கிறது. மயில் எப்படிக் கிளியானது என்ற ஒரே கேள்வியை வைத்து, மொழியில் ஆர்வமுள்ள ஒருவர் ஒரு மணி நேரத்தை நிறைத்துவிடலாம். ‘மறைநூலில் இந்தியா’ என்று தலைப்பு வைத்தால் எட்டுப் பேர் வருவார்கள். ‘மயிலைக் கிளியாக்கியது யார்?’ என்று வைத்தால் அறை நிறையும். தலைப்புக்குக் கீழே அமர்வின் வகையையும் ஒரே வரியில் சொல்லிவிடுங்கள்: சொற்பொழிவா, இருவர் வாசிப்பா, கைவேலையா. பேச்சு கேட்கலாம் என்று வந்தவர் கையில் தாளைக் கொடுத்து ‘பக்கத்தில் இருப்பவரோடு படியுங்கள்’ என்றால் மிரண்டு எழுந்து போய்விடுவார்.

அந்த இருவர் வாசிப்புக்கு ‘ஹெவ்ரூதா’ என்று பெயர், தோழமை என்ற பொருளில். இரண்டு பேர் ஒரு பத்தியை உரக்க வாசித்து, வரிக்கு வரி நிறுத்தி, ஒருவரை ஒருவர் மறுத்துக் கேட்பது. இந்த நாளின் முதுகெலும்பு இதுவே. இதற்கு வேண்டிய கருவி ஒரே ஒரு மூலத்தாள். அதைத் தயாரிப்பதில் இருக்கும் நுணுக்கம் பலருக்குப் புரிவதில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஏ4 தாளின் இரண்டு பக்கம் போதும். மூன்று அல்லது நான்கு மேற்கோள், அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். வலப்பக்கம் எபிரேயமோ அரமேயமோ, இடப்பக்கம் மொழிபெயர்ப்பு, வரி எண் கட்டாயம். எண் இல்லாவிட்டால் ‘எங்கே இருக்கிறீர்கள்?’ என்று தேடுவதிலேயே நேரம் போகும். ஒவ்வொரு மேற்கோளுக்கும் கீழே ஒரே ஒரு கேள்வி, ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்ல முடியாத கேள்வி.

ஓர் உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். தல்மூத்தின் எருவீன் பகுதியில், 13-ஆம் ஏட்டின் மறுபக்கத்தில், ஹில்லேல், ஷம்மாய் என்ற இரண்டு ஆசான்களின் சீடர்களான ஹில்லேல் அணியும் ஷம்மாய் அணியும் மூன்று ஆண்டுகள் வாதிட்டதாக வருகிறது. கடைசியில் வானிலிருந்து ஒரு குரல்: இவையும் அவையும் உயிருள்ள கடவுளின் வார்த்தைகளே, ஆனால் சட்டம் ஹில்லேல் அணியின் பக்கம். உடனே நூலே கேட்கிறது: இரண்டும் கடவுளின் வார்த்தை என்றால் ஹில்லேலுக்கு மட்டும் ஏன் அந்த உரிமை? அவர்கள் மென்மையானவர்கள், பொறுமைசாலிகள், தங்கள் கருத்தோடு எதிரணியின் கருத்தையும் கற்பித்தார்கள், அதையும் தங்கள் கருத்துக்கு முன்னால் வைத்தார்கள் என்பது பதில். தாளில் இதை முழுதாகக் கொடுக்காமல், ‘ஏன் அந்த உரிமை?’ என்ற இடத்தில் முதல் பக்கத்தை முடித்துவிடுங்கள். ஜோடிகள் பத்து நிமிடம் தாங்களே காரணம் தேடட்டும். அறிவுக்கூர்மை, பெரும்பான்மை, மரபு என்று ஏதேதோ சொல்வார்கள். பிறகு பக்கத்தைத் திருப்பும்போது அறையில் எழும் சலசலப்பைச் சொற்பொழிவால் உண்டாக்க முடியாது. அதன் பிறகு கீழேயுள்ள கேள்வி: பண்பாகப் பேசுவது ஒருவர் சொல்வதைச் சட்டமாக்கிவிடுமா? இதில் அறை இரண்டாகப் பிரியும், பிரியவும் வேண்டும்.

நேரப் பங்கீடு: அறிமுகம் 8 நிமிடம், ஜோடி வாசிப்பு 25, பொதுப்பேச்சு 20, மிச்சம் கேள்விகள். புதிதாக நடத்துபவர் பயத்தில் அறிமுகத்தையே 25 நிமிடம் பேசிவிடுவார். இதற்கு ஒரே மருந்து, கதவருகே ஒரு தன்னார்வலரை உட்காரவைத்து 10-வது நிமிடத்தில் அட்டை காட்டச் சொல்வது. எபிரேயம் அறியாதவர் பாதிப்பேர் இருப்பார்கள் என்ற நினைப்பில் நடத்த வேண்டும். ‘ஹலாகா’ என்று சொன்னால் அடுத்த மூச்சில் ‘சமயச் சட்டம்’ என்றும் சொல்லிவிடுவது மரியாதை.

தாளைப் பற்றி இன்னொன்று. கடவுளின் நான்கெழுத்துப் பெயர் எபிரேயத்தில் அச்சான தாளைக் குப்பையில் போடக் கூடாது; சேர்த்துவைத்துக் கல்லறைத் தோட்டத்தில் புதைப்பது மரபு. அதுவரை வைத்திருக்கும் இடம் ‘கெனிசா’. இணையத்திலிருந்து பத்தியை அப்படியே நகலெடுத்தால் அந்தப் பெயர் முழுதாக வந்துவிடும். அச்சுக்கு முன் தேடி, ‘ஹே’ என்ற ஓர் எழுத்தாக மாற்றிவிடுங்கள். மாற்றினாலும் ஒவ்வொரு அறை வாசலிலும் ‘கெனிசா’ என்று எழுதிய அட்டைப்பெட்டி ஒன்று இருக்கட்டும். எறியாமல் சேர்த்துவைத்த இந்த வழக்கத்தால்தான் கெய்ரோவின் பென் எஸ்ரா ஜெப ஆலயத்தில் லட்சக்கணக்கான துண்டுத்தாள்கள் தப்பிப் பிழைத்தன. 12-ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த யூத வணிகர் ஆபிரகாம் பென் யிஜுவின் கடிதங்கள் நமக்குக் கிடைத்ததும் அங்கிருந்துதான்.

இனி இசை. நாளின் முடிவில் ஒரு கச்சேரி வைத்துவிட்டால் இசை வந்துவிட்டது என்று நினைப்பது தவறு. வந்தவர்களைப் பாட வைக்க வேண்டும். அதற்கு ‘நிக்கூன்’ போல வேறொன்று இல்லை. ஹசீதியம் என்ற யூதப் பக்தி இயக்கத்தின் மரபில் வளர்ந்த, பெரும்பாலும் சொல்லே இல்லாத மெட்டு. ‘யா பா பம்’, ‘லா லா’ என்ற ஓசைகள்தான். எபிரேயம் தெரியாதவரும் பிரிவு வேறுபாடு உள்ளவரும் ஒன்றாகப் பாட முடிவது இதனால்தான். நாற்காலிகளை வரிசையாகப் போடாதீர்கள்; வட்டத்துக்குள் வட்டமாக, நெருக்கமாகப் போடுங்கள். நடத்துபவர் நடு வட்டத்தில். மைக் வேண்டாம், மைக் வந்தால் மற்றவர்கள் கேட்பவர்களாகிவிடுவார்கள். முதல் மூன்று சுற்று மெதுவாக, தாழ்ந்த குரலில். மெட்டு உடம்பில் ஏற எட்டு, பத்துச் சுற்றாவது வேண்டும். புதியவர்கள் நான்காவது சுற்றில் சலித்துவிடுமோ என்று நிறுத்திவிடுகிறார்கள். கூட்டம் சேர்ந்துகொள்வது அதற்குப் பிறகுதான். முடிந்ததும் கைதட்டல் வேண்டாம், அரை நிமிட அமைதி. இன்னொரு பொதுவான தவறு சுருதி. முதல் பகுதி வசதியாக இருக்கிறதே என்று எடுத்துவிடுவார்கள். இரண்டாம் பகுதி மேல் ஷட்ஜத்தைத் தொடும்போது பாதிக் கூட்டம் வாயை மூடிக்கொள்ளும். மேல் பகுதியை முதலில் தனியாகப் பாடிப் பார்த்து, அதற்கேற்ற ஆதார சுருதியை எடுங்கள்.

கிழக்கு ஐரோப்பாவின் கல்யாண இசையான கிளெஸ்மர் பயிற்சி இன்னொரு நல்ல அமர்வு. வயலின், கிளாரினெட், அக்கார்டியன், கிதார் என்று எது இருந்தாலும் கொண்டுவரச் சொல்லலாம். இதன் முக்கியமான ஸ்வர வரிசை ‘ஃப்ரைகிஷ்’. கர்நாடக இசை கேட்டவர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: வகுளாபரணத்தின் ஸ்வரங்கள். சுத்த ரிஷபத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவிலுள்ள அந்தத் தாவலில்தான் மெட்டின் ஏக்கம் முழுவதும் இருக்கிறது. கிதார் வாசிப்பவர்கள் சறுக்குவதும் இங்கேதான். டி-யை ஆதாரமாக வைத்து வாசிக்கும்போது, மேற்கத்தியப் பழக்கத்தில் முடிப்புக்கு ஏ-செவன் கார்டைப் போடுவார்கள். அதிலுள்ள சி-ஷார்ப் இந்த வரிசையில் இல்லை, அது காகலி நிஷாதம். இங்கே வருவது கைசிகி. மெட்டு அந்த இடத்தில் முறிந்துவிடும். சி-மைனரிலிருந்து டி-மேஜருக்கு வந்து முடிக்கச் சொல்லுங்கள். டி-மேஜர், ஜி-மைனர், சி-மைனர் மூன்றும் இருந்தால் பெரும்பாலான மெட்டுகளை ஓட்டிவிடலாம். தாளில் ஸ்வரம் எழுதிக் கொடுப்பதைவிட, நான்கு நான்கு அளவாகக் காதால் பிடிக்க வைப்பது நல்லது. விம்மல்போல் குரலை ஒடிக்கும் ‘க்ரெக்ட்ஸ்’ என்ற கமகம் தாளில் வராது.

பாட்டைப் பற்றிய ஓர் உணர்வுபூர்வமான விஷயமும் இருக்கிறது. பெண் தனித்துப் பாடுவதை ஆண்கள் கேட்கக் கூடாது என்று ஆர்த்தடாக்ஸ் மரபில் பலர் கடைப்பிடிக்கிறார்கள். பாடகிக்கு வாய்ப்பை மறுப்பதும் சரியல்ல, அவர்களைத் தெரியாமல் உட்காரவைத்துச் சங்கடப்படுத்துவதும் சரியல்ல. நிகழ்ச்சி நிரலில் வெளிப்படையாக எழுதுங்கள். அதே வேளையில் சமமாக ஈர்க்கும் வேறொரு அமர்வை வையுங்கள். நிறைவு நிகழ்ச்சி எல்லோரும் ஒரே கூடத்தில் இருக்கும் நேரம் என்பதால், அதைக் கூட்டுப் பாட்டாக வைத்துக்கொள்வது உத்தமம். கொச்சி யூதப் பெண்கள் கையெழுத்து நோட்டுகளில் வழிவழியாகக் காப்பாற்றிய மலையாளப் பாட்டுகளைப் பற்றி அமர்வு வைப்பதானால் இதை இன்னும் கவனமாக யோசிக்க வேண்டும். பாடாமல் அந்தப் பாட்டுகளைப் பேசிப் பயனில்லை.

இசை அறையை வாசிப்பு அறைக்குப் பக்கத்தில் போடாதீர்கள். சொல்வதற்கே தேவையில்லை என்று தோன்றும், ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் எங்காவது நடக்கிறது.

கைவேலையில் என் கருத்து கொஞ்சம் கறார். பசையும் மினுமினுப்புத் தூளும் கொடுத்துக் குழந்தைகளை ஓரமாக உட்காரவைப்பது பொழுதுபோக்கு. அதற்கு இப்படி ஒரு நாள் வேண்டாம். கையில் செய்வது மூலநூலோடு பிணைந்திருக்க வேண்டும். நல்ல வாய்ப்பு ஒன்று எண்ணாகமம் 15-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பிசைந்த மாவிலிருந்து ஒரு பங்கை எடுத்துவைக்கச் சொல்வதும் அங்கேதான், ஆடையின் நான்கு மூலைகளில் தொங்கல் கட்டச் சொல்வதும் அங்கேதான். ஒரே அறையில் ஒரு பக்கம் மாவு மேசை, மறுபக்கம் நூல் மேசை, நடுவில் அந்த அதிகாரம் அச்சிட்ட தாள். பெற்றோரும் பிள்ளைகளும் பாதி நேரத்தில் இடம் மாறிக்கொள்ளலாம்.

மாவு ஷபாத் ரொட்டியான ஹல்லாவுக்கு. 30 பிள்ளைகளுக்குத் தலைக்கு 150 கிராம் பிசைந்த மாவு என்றால்: மைதா 2.6 கிலோ, தண்ணீர் 1.1 லிட்டர், முட்டை 6, எண்ணெய் 260 மில்லி, சர்க்கரை 260 கிராம், உப்பு 45 கிராம், உலர் ஈஸ்ட் 25 கிராம். முட்டைகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் கோப்பையில் உடைத்து இரத்தப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துச் சேர்க்க வேண்டும். பால், வெண்ணெய் கூடாது. ரொட்டியை இறைச்சியோடும் சாப்பிடுவார்கள் என்பதால் பாலில்லாததாக இருக்க வேண்டும். மாவு பொங்க ஒன்றரை மணி நேரம் ஆகும், அமர்வோ ஒரு மணி நேரம். இந்தக் கணக்கைப் போடாமல் பிள்ளைகள் கையால் பிசையத் தொடங்கினால், பின்னுவதற்கு மாவே தயாராகாது. இரண்டு மணி நேரம் முன்பே அங்குள்ள கோஷர் (யூத உணவு விதிகளுக்கு உட்பட்ட) அடுப்படியில் பிசைந்து வைத்துவிடுங்கள். அமர்வில் மாவிலிருந்து பங்கை எடுத்துவைப்பதும் பின்னுவதும் மட்டும். அதன்பின் 40 நிமிடம் பொங்கவிட்டு, மேலே முட்டை பூசி, 180 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம். அடுத்த அமர்வு முடியும்போது பெயர் எழுதிய தாளில் சுடச்சுடக் கிடைக்கும்.

பின்னும்போது மேசையில் மாவுத்தூளைக் கொட்டக் கூடாது. திரிகள் வழுக்கிக்கொண்டு நீளவே நீளாது. எண்ணெயைத் தொட்டு உருட்டினால் போதும். இறுக்கிப் பின்னினால் வேகும்போது பக்கவாட்டில் வெடிக்கும். கொஞ்சம் தளர விட வேண்டும். எடுத்துவைக்கும் பங்கு ஓர் ஆலிவ் அளவு, ஏறக்குறைய 30 கிராம். ஃபாயிலில் சுற்றி எரித்துவிடுவார்கள். சுமார் 1.67 கிலோவுக்கு மேல் மாவுத்தூள் இருந்தால் ஆசிமொழி சொல்லி எடுப்பது பலரின் வழக்கம். ஆனால் பச்சை மாவாகவே பலருக்குப் பிரித்துக் கொடுக்கப்போகிறோம் என்றால் ஆசிமொழி தேவையா என்ற சட்டக் கேள்வி எழும். அமர்வின் நடுவில் இரண்டு பெற்றோர் இதை விவாதிக்கத் தொடங்கினால் மாவு காய்ந்துவிடும். உள்ளூர் ரபியிடம் முன்கூட்டியே கேட்டு, பதிலை மேசையில் எழுதி வையுங்கள். விவாதத்தைச் சாவகாசமாகத் தாழ்வாரத்தில் நடத்திக்கொள்ளட்டும்.

நூல் மேசையில் கட்டுவது ‘ட்ஸிட்ஸித்’ என்ற அந்த மூலைத் தொங்கல். ஒரு மூலைக்கு நான்கு நூல், அதில் ஒன்று மட்டும் நீளம். அதன் பெயர் ‘ஷமாஷ்’, ஊழியன். துளையில் கோத்து மடித்தால் எட்டு முனை. இரட்டை முடிச்சு ஒன்று, ஷமாஷால் 7 சுற்று, முடிச்சு, 8 சுற்று, முடிச்சு, 11, முடிச்சு, 13, கடைசி முடிச்சு. இது அஷ்கெனாசி வழக்கம், அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்களுடையது. மொத்தச் சுற்று 39. ‘கர்த்தர் ஒருவரே’ என்ற எபிரேயச் சொற்களின் எழுத்து மதிப்பும் 39. பிள்ளைகள் இதைத் தாங்களே கூட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும். கோக்கும் முன் நான்கு நூலின் ஒரு பக்க முனைகளை ரப்பர் பேண்டால் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் எட்டு முனைகளில் எது எந்தப் பக்கம் என்பது கலந்துவிடும். சுற்றுகளைத் தளர்வாக இடைவெளி விட்டுச் சுற்றினால் கட்டிய பகுதி நீண்டுவிடும். சுற்றிய பகுதி மூன்றில் ஒன்று, தொங்கும் பகுதி மூன்றில் இரண்டு என்பதே அழகு. முதன்முறை கட்டுபவருக்கு ஒரு மூலைக்கே 25 நிமிடம் ஆகும். அதனால் ஆடை முழுவதும் கட்டித் தருவதாக அறிவிக்காதீர்கள். அட்டைத் துண்டில் துளையிட்டுப் பயிற்சி நூலால் ஒரு மூலை கட்டினால் போதும். ஆடையில் பெண்கள் கட்டலாமா என்ற வழக்க வேறுபாடும் பயிற்சி நூலுக்குக் குறுக்கே வராது.

பெரியவர்களுக்குக் காகித வெட்டுக்கலை ஏற்றது. போலந்து, ஜெர்மனி யூதர்கள் எருசலேம் திசையைக் காட்டக் கிழக்குச் சுவரில் மாட்டிய ‘மிஸ்ராஹ்’ (கிழக்கு) பலகைகள் பல இப்படிச் செய்தவையே. தாளை இரண்டாக மடித்து வெட்டினால் மான், மரம், சிங்கம் எல்லாம் சமச்சீராக விரியும். ஆனால் எழுத்தை மடித்து வெட்டினால் ஒரு பாதி கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பிவிடும். முதலில் படங்களை மடித்து வெட்டி, தாளை விரித்த பிறகே எழுத்தை வெட்ட வேண்டும். ‘ஸாமெஹ்’, சொல்லின் கடைசியில் வரும் ‘மேம்’ இரண்டும் மூடிய எழுத்துகள். சுற்றி வெட்டினால் நடுப்பகுதி கழன்று விழும், மெல்லிய பாலம் ஒன்று விட வேண்டும். உள்ளே இருக்கும் சின்னத் துளைகளை முதலில், வெளிக்கோட்டைக் கடைசியில். கத்தி நுனியைப் பதினைந்து நிமிடத்துக்கொரு முறை மாற்றாவிட்டால் தாள் கிழியும். கடவுளின் பெயர் வரும் சங்கீத வரிகளைத் தவிர்த்துவிட்டு ‘மிஸ்ராஹ்’ என்ற சொல்லை மட்டும் வெட்டச் சொல்லுங்கள். கெட்டுப்போன தாளை என்ன செய்வது என்ற கவலை இருக்காது.

உணவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேற்பார்வை உள்ள கோஷர் சமையல்காரரிடமிருந்து முத்திரையிட்டு வர வேண்டும். வீட்டில் செய்த கேக்கை யாரும் கொண்டுவரக் கூடாது என்பதை அழைப்பிலேயே எழுதுங்கள். இறைச்சி வேண்டாம். மதியம் இறைச்சி பரிமாறினால் அதன்பின் வழக்கத்தைப் பொறுத்து மூன்று முதல் ஆறு மணி நேரம் பால் கிடையாது. பிரிட்டனில் பிற்பகல் தேநீரில் பால் இல்லை என்றால் அதைத்தான் ஆண்டு முழுவதும் பேசுவார்கள். ரொட்டி இருந்தால் கைகழுவ இரண்டு கைப்பிடியுள்ள குவளையும் தொட்டியும் வேண்டும். அதற்கும் வரிசை நிற்கும். 200 பேருக்கு ஒரே பரிமாறும் மேசை போதாது, குறைந்தது மூன்று வேண்டும்.

தொழுகை நேரத்தை உணவு இடைவேளையோடு இணைத்துவிடுங்கள். லண்டன் டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறையும். மின்ஹா என்ற பிற்பகல் தொழுகையை ‘கடைசி அமர்வுக்குப் பிறகு’ என்று போட்டால் நேரம் தவறிவிடும். ஆர்த்தடாக்ஸ் முறைக்கு ஓர் அறை, ஆண் பெண் சமமாக நிற்கும் முறைக்கு ஓர் அறை, 15 நிமிடம் போதும். பாதுகாப்பு விஷயத்தில் சமரசமே கூடாது. பிரிட்டனில் சமூகப் பாதுகாப்பு அறக்கட்டளையிடம் தொடக்கத்திலேயே பேசிவிட வேண்டும். முன்பதிவு இல்லாமல் அனுமதி இல்லை, இடத்தின் முகவரி பதிவு செய்தவருக்கு மட்டும். வாசல் சோதனைக்கு முதல் அமர்வுக்கு முன் 45 நிமிடம் ஒதுக்குங்கள்.

மாலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு, கெனிசாப் பெட்டிகளைச் சேர்த்துக் கட்டி ஜெப ஆலயத்தில் ஒப்படைக்க ஒருவர். ஒவ்வொரு அறையிலும் எத்தனை பேர் இருந்தார்கள் என்று தன்னார்வலர் குறித்துவைத்த தாள்களைச் சேர்க்க ஒருவர். அடுத்த ஆண்டுத் தேதியை அந்த வாரமே பிடித்துவிடுங்கள், ஆனால் இந்த ஆண்டு நன்றாக அமைந்தது என்பதற்காக அதே ஞாயிறை எடுக்காதீர்கள். எபிரேய நாட்காட்டியில் 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதம் கூடும். பஸ்கா 2026-ல் ஏப்ரல் 1 மாலை தொடங்குகிறது, 2027-ல் ஏப்ரல் 21 மாலை. முந்தைய ஆண்டு ஏப்ரல் நடுவில் ஓமேருக்குள் விழுந்த ஞாயிறு, அடுத்த ஆண்டு பஸ்காவுக்காக வீடு முழுவதும் கழுவிக்கொண்டிருக்கும் ஞாயிறாகிவிடும். இரண்டுக்கும் ஆள் வராது.